வளையத்தின் இரு பக்கமும் ஒரே கை

அறுகோணக் கட்டங்களில் ஆடப்படும் போர் விளையாட்டுகள் பலவற்றில் ஒரு படைப்பிரிவைச் சுற்றி வளைக்க ஆறு எதிரிகள் வேண்டியதில்லை. நேரெதிர்ப் பக்கங்களில் இருவர் நின்றால் போதும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆறு கட்டங்களின் மேலும் ஒரு பிடி உண்டு. அந்தப் பிடிக்குள் காலெடுத்து வைக்கும் எதிரி அங்கேயே நின்றுவிட வேண்டும். அதன் வழியாக உணவும் குண்டும் எரிபொருளும் போகாது. இருவரின் பிடியும் சேர்ந்து மிச்சமுள்ள நான்கு கட்டங்களையும் அடைத்துவிடும். திரையில் பார்த்தால் சுற்றிலும் வெட்டவெளி. சிக்கியவனுக்கோ வெளியேற வழியில்லை.

சிக்கியவன் உடனே சாவதும் இல்லை. இந்த ஆட்டங்களின் நாடகமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. 1994இல் வந்த 'பான்சர் ஜெனரல்' ஆட்டத்தில், அடிவாங்கிப் பின்வாங்க வேண்டிய யூனிட்டுக்கு ஒதுங்க ஒரு காலிக் கட்டமும் இல்லையென்றால் அது சரணடைந்து பலகையை விட்டு மறைந்துவிடும். 2011இல் குரோஷியாவைச் சேர்ந்த சிறு குழு ஒன்று வெளியிட்ட 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்' இன்னும் நுட்பமானது. அதில் சப்ளை ரயில் பாதையிலிருந்து கிளம்பி அக்கம்பக்கத்து நிலத்தில் பரவுகிறது. அந்தத் தொடர்பை அறுத்துவிட்டால் யூனிட்டின் வலு முறைக்கு முறை கரையும். கொஞ்ச நேரத்தில் ஒரு முழு டிவிஷன் எதிர்த்து அடிக்கத் திராணியில்லாமல் கிடக்கும். சுட்டு வீழ்த்துவதைவிடப் பட்டினி போடுவது மலிவு என்று கற்றுக்கொடுக்கும் ஆட்டம் அது.

அப்போது ஆடுகிறவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. உள்ளே இருப்பவனை முட்டிமோதி வெளியே வரச் சொல்லலாம். வெளியிலிருந்து மீட்புப் படை அனுப்பலாம். அல்லது, அவன் தாக்குப்பிடிக்கும் வரை எதிரியின் கையும் கட்டப்பட்டிருக்கும் என்ற கணக்கில் அவனை விட்டுவிட்டு வேறு முனையைப் பார்க்கலாம். மனம் முதலில் தாவுவது பெரும்பாலும் இரண்டாவது வழிக்குத்தான். கூட வந்தவனை நடுவழியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது பலகைக்கு வெளியே நாம் கற்ற பாடம். பலகை அந்தப் பாடத்துக்கு விலை சொல்கிறது.

நம் ஊர்த் திண்ணைகளிலும் கோயில் மண்டபத் தரைகளிலும் கீறி வைத்திருக்கும் ஆடுபுலி ஆட்டமும் சுற்றிவளைப்பு ஆட்டம்தான். பதினைந்து ஆடுகள் சேர்ந்து மூன்று புலிகளை நகரவிடாமல் அடைக்கப் பார்க்கும். ஒரு புலி அடைபட்டுவிட்டால், இன்னொரு புலி வெளியிலிருந்து வந்து ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டி இடம் உண்டாக்கித் தர வேண்டும். மீட்புப் போரின் இலக்கணம் கிட்டத்தட்ட முழுதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று மட்டும் இல்லை: அடைபட்ட புலிக்குப் பசிக்காது. எத்தனை முறை கழித்து விடுவித்தாலும் அதே பலத்தோடு பாயும். சப்ளை என்றொரு விதியைச் சேர்த்த கணத்தில் ஆட்டத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நல்ல போர் விளையாட்டுகள் எல்லாம் அந்தக் கடிகாரத்தின் மேல் கட்டப்பட்டவை.

பழகிய ஆட்டக்காரர்கள் சிக்கிய யூனிட்டைப் போய்த் தொட வேண்டும் என்று நினைப்பதில்லை. சப்ளை போகும் வழி ஒன்று திறந்தால் போதும். ஒரே ஒரு கட்டம் அகலமுள்ள பாதையாக இருந்தாலும் சரி. அதனால் எதிரியின் பலமான யூனிட்டில் போய் மோதாமல், இரண்டு எதிரிகளுக்கு நடுவிலுள்ள தையலைத் தேடுவார்கள். அடுத்து, முன்னேறும் படையின் விலாவைப் பார்ப்பார்கள். ஈட்டி முனையாக நீண்டு போகும் மீட்புப் படைதான் சுற்றி வளைக்க மிக வசதியான இலக்கு. 1942 ஜனவரியில், லெனின்கிராட் முற்றுகையை உடைக்க வோல்கோவ் ஆற்றைத் தாண்டிப் போன சோவியத்தின் இரண்டாம் அதிர்ச்சிப் படைக்கு அதுதான் நேர்ந்தது. மியாஸ்னோய் போர் என்ற ஊருக்கருகே அதன் குறுகிய கழுத்தை ஜெர்மானியர் நெரித்தார்கள். மீட்கப் போன படை ஜூன் மாத முடிவில் சதுப்பு நிலத்தில் அழிந்தது. அதன் தளபதி விலாசோவ் ஜூலையில் பிடிபட்டார். லெனின்கிராடின் வளையத்தில் முதல் உடைப்பு விழ 1943 ஜனவரி 18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, மீட்புக்கு அனுப்பும் யூனிட்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்ற கேள்வி. பலகையில் சும்மா இருக்கும் யூனிட் என்று ஒன்று கிடையாது. ஒரு முனையைக் காக்க இன்னொரு முனையை மெலிய விட வேண்டும். மீட்பின் விலையை மீட்கப்படுகிறவன் கொடுப்பதில்லை, மீட்கப் போகிறவன்கூட முழுதாகக் கொடுப்பதில்லை. எங்கோ நூறு கிலோமீட்டர் தள்ளி, தன் பக்கத்தில் நின்றவன் ஏன் போனான் என்று தெரியாமல் நிற்கும் மூன்றாமவன்தான் கொடுக்கிறான்.

இவை எல்லாம் ஒன்றாகக் கூடிய இடம் ஸ்டாலின்கிராட். கிழக்குப் போர்முனையைப் பற்றிய ஆட்டங்கள் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்பதற்குக் காரணமும் அதுதான். 1942 நவம்பர் 19 அன்று சோவியத் படைகள் வடக்கிலிருந்தும், மறுநாள் தெற்கிலிருந்தும் தாக்கத் தொடங்கின. 23ஆம் தேதி இரு கரங்களும் கலாச் அருகே சந்தித்தன. ஜெர்மன் தளபதி பவுலஸின் ஆறாம் படையும் கூட இருந்த பிரிவுகளுமாக இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. குறைந்தது ஒரு நாளைக்கு 500 டன் சரக்கு வேண்டும் என்றார்கள். விமானத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். போய்ச் சேர்ந்தது சராசரியாக நாளொன்றுக்கு 100 டன்னைச் சற்றே தாண்டும். அந்தக் கணக்கு வந்த அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

டிசம்பர் 12 அன்று, வளையத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் கோட்டெல்னிகோவோவிலிருந்து தளபதி ஹோத் தலைமையில் மீட்புப் படை கிளம்பியது. 'குளிர்காலப் புயல்' என்பது அந்த நடவடிக்கைக்கு இட்ட பெயர். பிரான்ஸிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த ஆறாவது பான்சர் டிவிஷன் முன்னால் போனது. மறுநாளே அக்சாய் ஆற்றைத் தாண்டினார்கள். வெர்க்னே-கும்ஸ்கி என்ற சிற்றூரில் டாங்கிகள் நாள்கணக்காக மோதிக்கொண்டன. 19ஆம் தேதி இரவு மிஷ்கோவா ஆற்றங்கரையை எட்டினார்கள். அங்கிருந்து வளையத்தின் விளிம்புக்கு 48 கிலோமீட்டர். ஈட்டி முனைக்குப் பின்னால் 3,000 டன் சரக்கோடு வண்டிகள் காத்திருந்ததாக, மீட்பின் மேல்பொறுப்பில் இருந்த மான்ஷ்டைன் பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். மீட்புப் படையின் உண்மையான தலை அந்த வண்டிகள்தான். டாங்கிகள் வழி உண்டாக்க வந்தவை.

எதிர்ப்பக்கம் என்ன செய்தது என்பதை ஆட்டக்காரர்கள் ரசித்துப் படிப்பார்கள். சோவியத் தளபதி வசிலெவ்ஸ்கி, வளையத்துக்குள் இருப்பவர்களை நசுக்க ஒதுக்கியிருந்த மாலினோவ்ஸ்கியின் இரண்டாம் காவலர் படையைத் திருப்பி மிஷ்கோவாவில் கொண்டுவந்து நிறுத்தினார். அதைவிட முக்கியமானது, டிசம்பர் 16 அன்று தொடங்கிய 'சிறிய சனி' நடவடிக்கை. மீட்புப் படையைத் தொடவே தொடாமல், வடமேற்கே டான் நதிக்கரையில் நின்ற இத்தாலிய எட்டாம் படையை உடைத்தது. நான் மேலே சொன்ன மூன்றாமவன் இங்கே இத்தாலியச் சிப்பாய். டிசம்பர் 24 அன்று சோவியத் தளபதி பதானோவின் டாங்கிகள் டாட்சின்ஸ்காயா விமானதளத்துக்குள் புகுந்தன. ஆறாம் படைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த விமானங்களில் பல ஓடுபாதையிலேயே நொறுங்கின. அதற்கு முந்தைய நாளே ஆறாவது பான்சர் டிவிஷனை ஹோத்திடமிருந்து எடுத்து அந்தப் பக்கம் அனுப்ப வேண்டியதாயிற்று. மீட்பு அதோடு முடிந்தது.

இந்தக் கட்டத்தையே ஆட்டமாக ஆடும்போது, ஓரளவு பழகியவர்களால் ஆறாம் படையின் ஒரு பகுதியையாவது வெளியே கொண்டுவந்துவிட முடிகிறது. நான் பார்த்தவரை அது அத்தனை அரிதான காரியம் இல்லை. அவர்கள் மான்ஷ்டைனைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் நடப்பதில்லை. பனியும் தூரமும் டாங்கிகளின் எண்ணிக்கையும் ஆட்டத்தில் ஏறத்தாழ சரியாகவே போடப்பட்டிருக்கும். வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆட்டத்தில் வளையத்துக்கு வெளியே இருக்கும் மீட்புப் படையை நகர்த்துவதும், உள்ளே இருக்கும் சிக்கிய படையை நகர்த்துவதும் ஒரே கை. வெளியே இருப்பவன் மூன்று கட்டம் முன்னேறிய அதே முறையில், உள்ளே இருப்பவன் இரண்டு கட்டம் எதிரே வருவான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

1942 டிசம்பரில் அப்படி ஒரு கை இருக்கவில்லை. பவுலஸ் வெளியே வருவதற்கு 'இடிமுழக்கம்' என்று ஒரு சங்கேதச் சொல் தயாராக இருந்தது. அந்தச் சொல் வந்தால் நகரத்தைக் கைவிட்டு முழுப் படையும் தென்மேற்கே முட்டிக்கொண்டு வர வேண்டும். சொல் வரவே இல்லை. ஸ்டாலின்கிராடை விடக் கூடாது என்றார் ஹிட்லர். மான்ஷ்டைன் ஹிட்லரிடம் அனுமதி கேட்டார், வாதாடினார், தன் பொறுப்பில் அந்தச் சொல்லை மட்டும் அனுப்பவில்லை. பவுலஸ் ஆணை வராமல் நகரமாட்டேன் என்றிருந்தார். தன் டாங்கிகளில் 30 கிலோமீட்டர் போவதற்குத்தான் எரிபொருள் இருக்கிறது என்றார். டிசம்பர் 18 அன்று மான்ஷ்டைன் ஐஸ்மன் என்ற மேஜரை விமானத்தில் வளையத்துக்குள் அனுப்பிப் பேசிப் பார்த்தார், பலனில்லை. 23ஆம் தேதி இருவரும் டெலிபிரிண்டரில் உரையாடினார்கள். மிகுந்த மரியாதையோடு, மிகுந்த எச்சரிக்கையோடு. எரிபொருள் எவ்வளவு, ஆயத்தமாக எத்தனை நாள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். போ என்று இவரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

போருக்குப் பிறகு மான்ஷ்டைன் தன் புத்தகத்தில் பழியைப் பெரும்பாலும் மேலேயும் உள்ளேயுமாகப் பகிர்ந்து வைத்தார். அதை அப்படியே ஏற்காத வரலாற்றாசிரியர்கள் பலர். ஆணை கிடைத்திருந்தாலும் பட்டினியில் தளர்ந்த படை அந்த 48 கிலோமீட்டரைக் கடந்திருக்குமா என்பது தனி வாதம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த 48 கிலோமீட்டரில் பாதி நிலத்தில் இல்லை, மூன்று மனங்களுக்கு நடுவே இருந்தது என்பதே. ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்த தூரம் அது. எந்த அறுகோணமும் அதைக் காட்டுவதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி சரியாக இரண்டு வருடம் கழித்து. 1944 டிசம்பர் 19 அன்று, ஆர்டென்ஸ் காட்டில் ஜெர்மனி கடைசியாகப் பாய்ந்திருந்த நேரம், வெர்டன் நகரில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் தன் தளபதிகளை ஒரே அறையில் உட்கார வைத்தார். எப்போது தாக்க முடியும் என்று பேட்டனைக் கேட்டார். 22ஆம் தேதி, மூன்று டிவிஷன்களோடு என்றார் பேட்டன். அங்கிருந்தவர்கள் நம்பவில்லை, அவரோ வருவதற்கு முன்பே மாற்றுத் திட்டங்களைத் தயாரித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். 26ஆம் தேதி மாலை அவருடைய நான்காவது கவச டிவிஷனின் டாங்கிகள் பாஸ்டோன் ஊரில் சிக்கியிருந்த 101ஆவது வான்வழி டிவிஷனிடம் போய்ச் சேர்ந்தன. இரண்டு நிலைமைகளும் ஒன்றல்ல. பாஸ்டோனில் தூரம் குறைவு, சிக்கியவர்கள் சில நாள்களே சிக்கியிருந்தார்கள், 23ஆம் தேதி வானம் தெளிந்து விமானங்கள் சரக்குப் போட்டன. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வேண்டியதும் இல்லை, நின்றால் போதும். ஆனாலும் அந்த அறையைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. போர் விளையாட்டின் ஒற்றைக் கைக்கு வரலாறு மிக அருகில் வந்த தருணங்களில் அது ஒன்று.

வெற்றியும் ஏமாற்றும். 1942 பிப்ரவரி 8 அன்று டெமியான்ஸ்க் என்ற இடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜெர்மன் வீரர்கள் சிக்கினார்கள். விமானங்கள் சரக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. மார்ச் 21 அன்று கிளம்பிய மீட்புப் படை ஒரு மாதம் போராடி உள்ளே ஒரு பாதை அமைத்தது. விமானத்திலேயே ஒரு படைக்குச் சோறு போட முடியும் என்ற நம்பிக்கை அங்கே பிறந்து, ஸ்டாலின்கிராடில் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட பேரின் மேல் போய் விழுந்தது. அந்த மீட்பை நடத்திய தளபதி சைட்லிட்ஸ். எட்டு மாதம் கழித்து அவரே ஸ்டாலின்கிராட் வளையத்துக்குள் ஒரு கோர் படைக்குத் தலைவராகச் சிக்கியிருந்தார். வளையம் மூடிய இரண்டாம் நாளே, காத்திருக்காமல் இப்போதே உடைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று பவுலஸுக்கு நீண்ட குறிப்பு எழுதியவர் அவர்தான். மீட்பு எவ்வளவு மெதுவாக வரும் என்பதை வெளியிலிருந்து பார்த்தவருக்குத்தான் உள்ளே இருக்கும்போது அவசரம் புரிந்தது.

விலையைப் பற்றிப் பேசினால் கூட் அல்-அமாராவை விட முடியாது. 1915 டிசம்பரில் மெசபொடேமியாவில் டைகிரிஸ் நதி வளைவில் ஆட்டோமான் படை சுற்றி வளைத்தது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ஆறாவது டிவிஷனை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். தளபதி டவுன்ஷெண்ட், கையிருப்பு குறைந்த காலத்துக்கே வரும் என்று முதலில் செய்தி அனுப்பினார். அந்தக் கணக்கை நம்பி, வந்து சேராத பட்டாலியன்களுக்குக் காத்திருக்காமல் மீட்புப் படை ஜனவரி மாதச் சேற்றில் இறங்கி அடிபட்டது. பிற்பாடு ஊருக்குள் தேடிப் பார்த்தபோது தானியம் நிறையவே கிடைத்தது. முற்றுகை ஏப்ரல் கடைசி வரை நீடித்தது. ஷேக் சாத், ஹன்னா, துஜைலா, சன்னையாத் என்று ஒவ்வோர் இடமாக மோதி மீட்புப் படை இழந்தவர்கள், காயம்பட்டோரையும் சேர்த்து, ஏறத்தாழ 23,000 பேர். 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர். தானியக் குதிர்களை எண்ணுவதில் வந்த பிழை, மீட்புப் போரின் தேதியையே எழுதிவிட்டது.

பலகையில் இந்தப் பிழைக்கு இடமில்லை. யூனிட்டின் மேல் சுட்டியை வைத்தால் எத்தனை முறைக்குச் சப்ளை இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாம் யோசித்துக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் பசிப்பதுமில்லை. டீ குடித்துவிட்டு வந்து முடிவெடுக்கலாம். தவறிப் போனால் பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி ஆடலாம். இன்னொன்றும் பலகையில் இல்லை. ஸ்டாலின்கிராட் வளையத்துக்குள் ஜெர்மன் வீரர்கள் மட்டும் பட்டினி கிடக்கவில்லை. அவர்கள் பிடித்து வைத்திருந்த சோவியத் கைதிகள் அவர்களுக்கு முன்பே பட்டினியில் செத்தார்கள். இடிபாடுகளுக்குள் நகர மக்கள் மிஞ்சியிருந்தார்கள். மீட்புப் படையை நகர்த்தும்போது நாம் யாரை மீட்கிறோம், அவர்கள் அங்கே எதற்காக வந்தார்கள் என்ற கேள்வியை ஆட்டம் கேட்பதில்லை. கேட்காததால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

இவ்வளவும் சொன்னது இந்த ஆட்டங்களைக் குறை சொல்ல அல்ல. ஒரு மீட்பின் விலை எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதை இவற்றைப்போல் பச்சையாகக் காட்டும் கலை வேறொன்றை நான் அறியேன். சினிமா மீட்பைக் காட்டும்போது மீட்கப் போகிறவனின் முகத்தைக் காட்டும். போர் விளையாட்டு, அவன் விட்டுவிட்டு வந்த காலிக் கட்டத்தைக் காட்டுகிறது. ஆனால் எல்லாக் கட்டங்களையும் ஒரே மனம் பார்க்கிறது, ஒரே கை நகர்த்துகிறது என்பது அது சொல்லும் பெரிய பொய். அந்தப் பொய் இல்லாமல் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆட முடியாது என்பதும் உண்மை.

இந்த ஆட்டங்களின் மூதாதைக்கு அந்தப் பொய் தேவைப்படவில்லை. 1824இல் ரைஸ்விட்ஸ் பிரஷ்ய ராணுவத்துக்கு அமைத்துக் கொடுத்த 'கிரீக்ஸ்பீல்' ஆட்டத்தில் நடுவர் ஒருவர் இருப்பார். முழு வரைபடமும் அவருக்குத்தான் தெரியும். ஒரே அணியைச் சேர்ந்த தளபதிகள் நினைத்தபோது நேரில் பேசிக்கொள்ள முடியாது. ஆணையையும் செய்தியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். குதிரைவீரன் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் நடுவர் அதைச் சேர்ப்பார். கணினி வந்து நடுவரின் கூட்டல் கழித்தலை எடுத்துக்கொண்டது. கூடவே அந்தத் தாமதத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆகவே போர் விளையாட்டு ஆடுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டாலின்கிராட் மீட்பை ஒரு தடவையாவது மூன்று பேராக ஆடிப் பாருங்கள். ஒருவர் வளையத்துக்கு உள்ளே, ஒருவர் வெளியே, வெவ்வேறு அறையில். உள்ளே இருப்பவர் அனுமதியில்லாமல் நகரக் கூடாது. அனுமதி தரும் அதிகாரம் மூன்றாமவருக்கு, அவர் வரைபடத்தைப் பார்க்கக் கூடாது. முறைக்கு ஒரு சீட்டு மட்டும் எழுதி அனுப்பலாம். ஆறாம் படை அன்று ஏன் வெளியே வரவில்லை என்பதை எந்தப் புத்தகத்தைவிடவும் அந்தச் சீட்டுகள் தெளிவாகச் சொல்லிவிடும்.